பாதி வழியில் கைகொடுக்கும் கத்தி

மடக்குக் கத்தி என்றதும் நம்மில் பலருக்கும் பென்சில் சீவும் பேனாக்கத்திதான் நினைவுக்கு வரும். அதன் அலகின் ஓரத்தில் பிறைபோல் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையின் நகத்தை அப்பள்ளத்தில் வைத்து இழுத்தால்தான் கத்தி திறக்கும். இரண்டு கைகளும் ஓய்வாக இருப்பவருக்கென்று செய்யப்பட்ட கருவி அது. ஏணியை ஒரு கையால் பற்றி நிற்கும் தொழிலாளிக்கும், இழுபடும் கயிற்றை ஒரு கையால் பிடித்திருக்கும் படகுக்காரருக்கும் அது உதவாது.

இக்குறையைப் போக்கும் பட்டன் கத்தி வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால், உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு அலகைப் படக்கென்று வெளியே தள்ளும். ஆனால் 1950களில் அமெரிக்காவில் இக்கத்தி தெருச்சண்டை இளைஞர்களின் அடையாளமாகிவிட்டது. 1955இல் வந்த 'ரெபல் விதவுட் எ காஸ்' திரைப்படம், 1957இல் மேடையேறிய 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' இசை நாடகம் இரண்டிலும் கத்திச் சண்டை உண்டு. மக்களின் அச்சம் வளர்ந்தது. 1958இல் அந்நாட்டு மத்திய அரசு சட்டம் இயற்றி, மாநிலங்களுக்கிடையே பட்டன் கத்தி வாணிபத்தைத் தடை செய்தது. பிடியிலுள்ள பொத்தானையோ வேறு சாதனத்தையோ கையால் அழுத்தத் தானாகத் திறப்பதும், புவியீர்ப்பாலோ சடத்துவத்தாலோ திறப்பதும் பட்டன் கத்தி என்பது அச்சட்டத்தின் விளக்கம். அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு கை மட்டுமே உடையவர், 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம். ஒரு கையால் கத்தி திறப்பது சண்டைக்காரனின் தேவை மட்டுமல்ல என்பதைச் சட்டம் செய்தவர்களும் உணர்ந்தே இருந்தனர்.

ஸ்பிரிங் இல்லாமலே ஒரு கையால் திறக்க வழி உண்டா? ஸ்பைடர்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் 1981இல் அலகிலேயே ஒரு வட்டத் துளை இட்டு, அதில் கட்டைவிரலை வைத்துத் தள்ளும்படி ஒரு கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேறு சிலர் துளைக்குப் பதில் சிறு குமிழ் ஒன்றை அலகில் பதித்தனர். இந்தக் குமிழுக்குத் துணையாக ஸ்பிரிங்கை மீண்டும் உள்ளே கொண்டுவந்தவர்கள்தாம் நம் கட்டுரையின் நாயகர்கள். 1990களின் நடுவில் பிளாக்கி காலின்ஸ் என்ற கத்தி வடிவமைப்பாளர் இவ்வகையில் ஒன்றைச் செய்தார். பின்னர் ஹவாயில் வாழ்ந்த கென் ஆனியன் 'ஸ்பீட்சேஃப்' என்னும் அமைப்பை உருவாக்கினார். ஆரிகன் மாநிலத்துக் கெர்ஷா நிறுவனம் அதை 1998 முதல் தன் கத்திகளில் பொருத்தியது. அதன் பிறகே இம்முறை எங்கும் பரவியது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். மேலே மடக்கியிருக்கும்போது அதை மேலேயே இழுத்துப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். காலால் கீழே தள்ளத் தொடங்கினால் ஸ்பிரிங் எதிர்க்கிறது, மேலும் நீள்கிறது. ஓரிடத்தில் ஸ்பிரிங்கின் இழுவிசைக் கோடு ஸ்டாண்டின் சுழலச்சின் மீதே செல்லும். அக்கணத்தில் திருப்புவிசை சுழி. அதைத் தாண்டிய மறுகணமே, இதுவரை மேலே இழுத்த அதே ஸ்பிரிங் ஸ்டாண்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. ஸ்பிரிங் மாறவில்லை, அச்சுக்கு இந்தப் பக்கம் இருந்த விசைக்கோடு அந்தப் பக்கம் போய்விட்டது, அவ்வளவே.

ஸ்பீட்சேஃப் கத்தியில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் வளைத்த மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனை பிடியிலும் மறு முனை அலகின் அடிப்பகுதியில் அச்சுக்கு அருகிலும் பொருத்தப்பட்டிருக்கும். மூடிய நிலையில் கம்பி அலகை உள்நோக்கியே அழுத்துகிறது. குமிழைத் தள்ளும்போது கட்டைவிரல் அந்த எதிர்ப்பை வெல்லவேண்டும். மாதிரிக்கு மாதிரி அளவு மாறினாலும், ஏறத்தாழ 30 பாகை திரும்பியதும் கம்பியின் விசை அச்சைக் கடந்து மறுபக்கம் செல்கிறது. எஞ்சிய 150 பாகையையும் கம்பியே தள்ளி முடித்துவிடும். நம் பாடநூல் மொழியில் சொன்னால், மூடிய நிலை உறுதிச் சமநிலை. விசை அச்சைக் கடக்கும் இடம் உறுதியற்ற சமநிலை. மேட்டின் உச்சிவரை பந்தைக் கை உருட்டிச் செல்கிறது. மறுபுறச் சரிவில் பந்து தானே ஓடுகிறது.

இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று இயற்பியல் மாணவர் கேட்கக்கூடும். கத்தியை மூடும்போது கம்பியை எதிர்த்து நாம் அலகை மடக்குகிறோமே, அந்த வேலையே நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது. கம்பி முறிந்துவிட்டாலும் கத்தி வீணாகாது. திறந்த அலகைப் பூட்டும் அமைப்பு தனி என்பதால், முழுதும் கையால் திறக்கும் சாதாரணக் கத்தியாக அது தொடர்ந்து பயன்படும்.

பட்டன் கத்தியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அதில் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் அலகைத் திறக்கவே முயன்றுகொண்டிருக்கிறது. ஒரு சிறு கொக்கிதான் தடுத்து நிற்கிறது. கொக்கி தேய்ந்தால் பைக்குள்ளேயே கத்தி விரியலாம். இதிலோ யாரும் தொடாதவரை ஸ்பிரிங்கே அலகை மூடி வைத்திருக்கும். மூடிய நிலையில் திருப்புவிசை கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதே கேள்வி.

இந்தக் குறி ஒருமுறை பெரிய வழக்காகவே ஆனது. 2009 மே மாதம் அமெரிக்கச் சுங்கத்துறை, இவ்வகைக் கத்திகளை அனுமதித்துத் தான் முன்பு அளித்திருந்த தீர்வுக் கடிதங்களைத் திரும்பப் பெற்று, இவற்றையும் பட்டன் கத்திகளாகக் கொள்ள முன்வந்தது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் இறக்குமதி நின்றிருக்கும். அதே விளக்கம் உள்நாட்டு வாணிபத்தையும் பிடிக்கும் என்று தயாரிப்பாளர்களும், அன்றாட வேலைக்கு இதை வைத்திருந்தோரும் அஞ்சினர். எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிய விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. அலகை மூடும் திசையில் சாய்க்கும் ஸ்பிரிங்கோ வேறு அமைப்போ இருந்து, அச்சாய்வை வெல்ல அலகின் மீது கையாலோ மணிக்கட்டாலோ புயத்தாலோ விசை செலுத்த வேண்டியிருந்தால், அது பட்டன் கத்தி ஆகாது என்பது அதன் சாரம். வக்கீல்கள் எழுதிய சட்டத்தில் நம் இயக்கவியல் பாடம் இவ்வளவு துல்லியமாக இடம்பெற்றது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆயினும் மாநிலச் சட்டங்கள் தனித்தனி. அவை எல்லாம் ஒன்றுபோல் இல்லை.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. அங்கே 1959ஆம் ஆண்டுச் சட்டம் பட்டன் கத்தியைத் தடுத்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளக்கத்தை விரித்து, பாதி திறந்த நிலையிலிருந்து முழு நிலைக்குத் தானாக விரியும் கத்தியையும் சேர்த்துக்கொண்டது. முதல் 30 பாகையைக் கட்டைவிரல் தள்ளியதா என்பதை அமெரிக்கச் சட்டம் பார்க்கிறது. மீதி 150 பாகையைத் தள்ளியது யார் என்பதைப் பிரிட்டிஷ் சட்டம் பார்க்கிறது. துல்லியம் முன்னதில்தான் அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் கத்தி நீட்டப்படும் வழியில் நிற்பவருக்கு அந்த முதல் 30 பாகை பெரிய ஆறுதல் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரிகனில் தயாரித்து விற்கும் அதே கத்தியை லண்டனில் தன் வீட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பதும் 2021 ஜூலை முதல் குற்றமாகிவிட்டது.