ஆற்றைக் கடன் வாங்கிய ஏரி

ஆல்ப்ஸ் நீர்க்கரைகள் – 6

ஸ்லோவேனியா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். பச்சை நீருக்கு நடுவே சின்னஞ்சிறு தீவு, அதில் ஊசிக்கோபுரத்துடன் ஒரு தேவாலயம், எதிர்க்கரையில் செங்குத்துப் பாறையின் உச்சியில் ஒரு கோட்டை, பின்னணியில் பனிமலை வரிசை. காலண்டர்களும் கணினித் திரைகளும் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த படம் அது. ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பிளெட் ஏரி.

அந்தப் படத்தில் தெரியாத ஒன்று ஏரியின் அடியில் இருக்கிறது. குழாய்கள்.

பிளெட் பெரிய ஏரியல்ல. சுமார் 2 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைந்த அகலம், அதிகபட்ச ஆழம் 30 மீட்டர். கரையோரமாக ஒரு சுற்று நடந்துவர 6 கிலோமீட்டர். கடைசிப் பனியுகத்தில் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் தேங்கிய நீர் இது. ஆனால் இந்த ஏரிக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு: வரத்து போதாது. மிஷ்சா போன்ற சில சிற்றோடைகள்தான் இதில் வந்து சேர்கின்றன. பெரிய ஆறு எதுவும் இதன் வழியாகப் பாயவில்லை. உள்ளே வந்த நீர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

கரையில் விடுதிகளும் வீடுகளும் பெருகி, கழிவுநீரும் வயல்களின் உரமும் கலந்தபோது இந்தக் குறை நோயாக மாறியது. கோடையில் வெயில் பட்ட வெதுவெதுப்பான நீர் மேலே மிதக்கும்; கனமான குளிர்ந்த நீர் அடியில் தங்கும்; இரண்டும் கலக்காது. மேலே செழித்து வளரும் பாசி செத்து அடிக்குப் போய் அழுகும். அழுகும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். ஆக்சிஜன் தீர்ந்தால், அடிச்சேற்றில் படிந்திருந்த பாஸ்பரஸ் மறுபடி நீரில் கரைந்து அடுத்த தலைமுறைப் பாசிக்கு உரமாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செந்நிறச் சாயல் கொண்ட ஒருவகை நீலப்பச்சைப் பாசி பிளெட்டில் மண்டியது. ஏரியை நம்பியே பிழைக்கும் ஊர் திடுக்கிட்டுப் போனது.

ஊர் எடுத்த முதல் முடிவு, பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றைக் கடன் கேட்பது. 1964-ல் ராடோவ்னா ஆற்றின் குளிர்ந்த தெளிந்த நீரைக் குழாய் வழியாக ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். வரத்துக் குறையை மனிதர்கள் ஈடுகட்டினார்கள். ஆனாலும் அடியில் கிடந்த கெட்ட நீர் அசையவில்லை. 1980-களின் தொடக்கத்தில் இரண்டாவது வேலை நடந்தது. ஏரியின் ஆழத்திலிருந்து போக்குக்கால் வரை குழாய் பதித்தார்கள். இதற்கு மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. டிரம்மில் இருக்கும் மண்ணெண்ணெயை ரப்பர் குழாய் போட்டுக் கீழே இழுப்பது போல, குழாயின் வெளிமுனை ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் அடித்தண்ணீர் தானாகவே வெளியேறுகிறது. சாதாரணமாக ஏரி நிறைந்தால் மேலே இருக்கும் நல்ல நீர்தான் வழிந்தோடும். இங்கே அடியில் இருக்கும் கெட்ட நீர் முதலில் போகிறது. கழிவுநீர்க் குழாய்களையும் செப்பனிட்டார்கள். இன்று கோடை வந்தால் குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை நம்பிக்கையுடன் குதித்து நீந்தும் ஏரி இது.

இயற்கை தந்த அழகைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றுதான் பிளெட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த ஊர்க்காரர்களின் உழைப்பு.

தீவுக்குப் போக வேண்டுமென்றால் பிளெட்னாவில் ஏற வேண்டும். தட்டையான அடிப்பகுதியும் மேலே வண்ணத் துணிக்கூரையும் கொண்ட மரப்படகு. பின்முனையில் நின்றபடியே ஒருவர் இரண்டு துடுப்புகளையும் வலிக்கிறார். பயணிகள் இரு பக்கமும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஏறும்போதே படகோட்டி ஆள் பார்த்து, எடை பார்த்து, ‘நீங்கள் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்’ என்று பிரித்து உட்கார வைப்பார். ஒரு பக்கம் கனத்தால் படகு சாயும். ஏரிக்கரையில் இருக்கும் ம்லினோ என்ற சிற்றூரின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. இயந்திரப் படகுகளுக்கு ஏரியில் அனுமதி இல்லாததால், துடுப்பு நீரைத் தொடும் சத்தம்கூடக் காதில் விழுகிறது.

தீவில் இறங்கியதும் 99 கல்படிகள். இங்கே திருமணம் செய்துகொள்ளும் மணமகன், மணமகளைத் தூக்கிக்கொண்டு இத்தனை படிகளையும் ஏற வேண்டும். அவன் ஏறி முடிக்கும்வரை மணமகள் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். மேலே மரியன்னை தேவாலயத்தில் ஒரு மணி தொங்குகிறது. கயிற்றை இழுத்து அடித்தால் வேண்டியது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வரிசை நிற்கிறது. அந்த மணி 1534-ல் இத்தாலியின் பதுவா நகரத்தில் வார்க்கப்பட்டது. ஊரார் சொல்லும் கதை வேறு. கணவனைக் கொள்ளையரிடம் பறிகொடுத்த கோட்டைத் தலைவி ஒருத்தி, தன் பொன்னையும் வெள்ளியையும் உருக்கி ஒரு மணி செய்தாளாம். தீவுக்குக் கொண்டுபோகும் வழியில் புயலடித்து அது ஏரியில் மூழ்கிவிட்டதாம். மனமுடைந்து ரோமாபுரி போய்த் துறவியான அவள் இறந்தபின், போப்பாண்டவர் அனுப்பிவைத்த மணிதான் இப்போது இருப்பது என்கிறார்கள்.

கோட்டை நீர்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1011-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அதன் பெயர் இருக்கிறது. ஜெர்மானிய அரசர் இரண்டாம் ஹென்றி பிரிக்சன் ஆயருக்கு இந்தப் பகுதியைத் தானமாகக் கொடுத்த காலம் அது. ஆனால் படத்தில் இருப்பதுபோல் தீவையும் கோட்டையையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கோட்டைக்குப் போய்ப் பயனில்லை. மேற்குக் கரையில் இருக்கும் மாலா ஒஸோய்னிட்சா குன்றில் ஏற வேண்டும். பாதை செங்குத்தானது, மழை பெய்திருந்தால் வழுக்கும். காலுக்கு நல்ல ஷூ வேண்டும்.

பிளெட்டைச் சுற்றுலா ஊராக மாற்றியவர் ஒரு சுவிஸ்காரர். அர்னால்ட் ரிக்லி, 1850-களில் இங்கே வந்து இயற்கை வைத்தியசாலை தொடங்கினார். மருந்து கிடையாது, சூரியன், காற்று, நீர் இவைதான் சிகிச்சை. விடிகாலையில் வெறுங்காலுடன் நடை, மரப்பலகைகளில் படுத்து வெயில் குளியல், ஏரியில் நீராடல். இறைச்சிக்கும் மதுவுக்கும் புகையிலைக்கும் தடை. 1870-ல் ரயில் பக்கத்து ஊரான லெஸ்ட்சே வரை வந்ததும் ஆஸ்திரியப் பேரரசின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். ரிக்லி 1906-ல் இறந்தார். அவருடைய நோயாளிகள் நடந்த குன்றுப்பாதைகளில் இன்றைய பயணிகள் நடக்கிறார்கள்.

இயந்திரச் சத்தம் இல்லாத, காற்று அடங்கிய இந்த நீர் துடுப்புப் படகு வீரர்களுக்கும் வரம். 1966, 1979, 1989, 2011 என நான்கு முறை உலகத் துடுப்புப் படகு சாம்பியன்ஷிப் போட்டிகள் இங்கே நடந்துள்ளன. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் ஸ்லோவேனியாவின் இஸ்டோக் சோப், லூகா ஷ்பிக் இணை தங்கம் வென்றது. இருபது லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு அதைக் கொண்டாடித் தீர்த்தது.

ஏரியைச் சுற்றிவந்த களைப்புக்கு ஒரு கிரெம்ஷ்னிடா சாப்பிடாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. ஏழு சென்டிமீட்டர் நீளம், ஏழு அகலம், ஏழு உயரம் என்று அளவெடுத்து வெட்டிய சதுரத் துண்டு. அடியில் மொறுமொறுப்பான மாவடுக்கு, மேலே மஞ்சள் நிற வெனிலா கஸ்டர்ட், அதற்கு மேல் வெள்ளை க்ரீம், உச்சியில் மறுபடி ஒரு மாவடுக்கு, அதன்மேல் தூவிய பொடிச் சர்க்கரை. தட்டை மேசையில் வைக்கும்போது துண்டு முழுக்க லேசாக அதிர வேண்டும்; அப்போதுதான் பதம் சரி. 1953-ல் பார்க் ஹோட்டலின் இனிப்பகத் தலைவராக இருந்த இஷ்ட்வான் லுகாசெவிச் உருவாக்கிய பக்குவம் இது.

பிளெட்டுக்கு நீர் கடன் கொடுத்த ராடோவ்னா ஆற்றை நேரில் பார்க்க 4 கிலோமீட்டர் போனால் போதும். வின்ட்கர் பள்ளத்தில் அந்த ஆறு 1.6 கிலோமீட்டர் தூரம் இரு செங்குத்துப் பாறைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. 1891-ல் ஊர்த்தலைவர் யாகோப் ஷூமரும் புகைப்படக்காரர் பெனடிக்ட் லெர்கெட்போரரும், ஆற்றில் நீர் வற்றியிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து இதைக் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், பாறையில் பதித்த மரப்பாலங்களுடன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆற்றுக்கு ஒரு முழ உயரத்தில் பலகையில் நடக்கும்போது, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம். நீர் அவ்வளவு தெளிவு. பிளெட்டுக்கு வந்து சேர்வது இந்தத் தெளிவுதான்.

பிளெட்டிலிருந்து தென்மேற்கே 26 கிலோமீட்டர் போனால் போஹின் ஏரி. தூரம் குறைவுதான், குணத்தில் இரண்டும் வேறு வேறு. இங்கே தீவு இல்லை, கோட்டை இல்லை, வரிசையாக நிற்கும் ஹோட்டல்களும் இல்லை. 4 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 45 மீட்டர் ஆழம் போகும் இதுதான் ஸ்லோவேனியாவின் மிகப்பெரிய நிரந்தர இயற்கை ஏரி. மூன்று பக்கமும் மலைகள் நேராக நீருக்குள் இறங்குகின்றன.

போஹினுக்குக் கடன் வாங்கும் தேவையே வரவில்லை. சாவிட்சா ஆறு மேற்கு முனையில் ஏரிக்குள் இறங்கி, கிழக்கு முனையில் வெளியேறுகிறது. ஆண்டுக்குச் சுமார் மூன்று முறை ஏரி நீர் முழுவதும் புதிதாகிவிடுகிறது. அழுக்கு சேர்ந்தாலும் தங்க நேரமில்லை.

அந்த ஆறு பிறக்கும் இடத்தையும் பார்க்கலாம். உகான்ட்ஸ் என்ற மேற்குக் கரைக் குடியிருப்பைத் தாண்டிக் காட்டுக்குள் ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறினால், பாறைச் சுவரின் நடுவிலிருந்து நீர் பீறிட்டு 78 மீட்டர் கீழே விழுகிறது. ஆறு மலை உச்சியிலிருந்து வழிந்து வரவில்லை, பாறைக்குள்ளிருந்து வருகிறது. இந்த மலை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழையும் பனியுருகலும் மேலே வெடிப்புகளில் இறங்கி, பாறைக்குள்ளேயே வழி குடைந்து, இங்கே வெளிப்படுகின்றன. ஸ்லோவேனியாவின் தேசியக் கவி பிரான்ட்ஸெ பிரெஷெரென் 1836-ல் வெளியிட்ட காவியத்தின் பெயரிலேயே இந்த அருவி இருக்கிறது. அந்த நாட்டின் 2 யூரோ நாணயத்தில் இருப்பது அவருடைய முகம்தான்.

ஏரியின் கிழக்கு முனையில் ரிப்செவ் லாஸ். கல்பாலத்தை ஒட்டி யோவான் ஸ்நானகர் தேவாலயம், உள்ளே இடைக்காலச் சுவரோவியங்கள். சற்றுத் தள்ளி நான்கு மனிதர்களின் சிலை. 1778 ஆகஸ்டில் 2,864 மீட்டர் உயரமுள்ள திரிக்லாவ் சிகரத்தில் முதன்முதலில் ஏறிய உள்ளூர்க்காரர்கள் அவர்கள். ஸ்லோவேனியாவின் கொடியில் இருக்கும் மலை திரிக்லாவ்தான். கரையில் பொன்கொம்பு மலையாடு ஸ்லாடோரோகின் சிலையும் உண்டு. புதையலுக்காக அதைச் சுட்ட வேடன் பாதாளத்தில் விழுந்து மாண்டதாகவும், ஆட்டின் ரத்தம் சிந்திய இடத்தில் மூலிகைப் பூ முளைத்ததாகவும், அதைத் தின்று ஆடு பிழைத்ததாகவும் ஊர்க்கதை.

ஏரியை மேலிருந்து பார்க்க விரும்புவோரை வோகல் கேபிள் கார் 1,535 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். ஊர் வாழ்க்கையைப் பார்க்க ஸ்டுடோர் கிராமம் போக வேண்டும். வைக்கோல் உலர்த்தும் இரட்டை மரச்சட்டங்கள், மேலே கூரையுடன் வரிசையாக நிற்கின்றன. மோஹன்ட் என்ற உள்ளூர்ப் பாலாடைக்கட்டியின் வாடை தூக்கலாக இருக்கும். ஆனால் பழகியவர்கள் விடமாட்டார்கள். செப்டம்பரில், கோடை முழுக்க மலைமேய்ச்சலில் இருந்த மாடுகளை அலங்கரித்து ஊருக்கு ஓட்டிவரும் ‘மாட்டு விழா’ இங்கே களைகட்டும்.

போஹின் இப்படி இருப்பதற்கு ஆறு மட்டும் காரணமில்லை. ஏரி திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1924-லேயே இந்த மலையின் ஒரு பகுதியைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 1981-ல் பூங்கா இன்றைய அளவுக்கு விரிந்தது. இங்கேயும் இயந்திரப் படகு கூடாது. ரிப்செவ் லாஸிலிருந்து உகான்ட்ஸ் போகும் பயணிகள் படகு மின்சாரத்தில் ஓடுகிறது. பிளெட் நோய் வந்தபின் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஏரி; போஹின் நோய் வராமல் காக்கப்பட்ட ஏரி. இங்கே வருகிறவர்கள் கண்ட இடத்தில் காரை நிறுத்தாமல் பேருந்தில் வந்து போவதும், கூடாரத்தை அதற்கென உள்ள இடத்தில் மட்டும் அடிப்பதும் அந்தக் காவலில் ஒரு பங்குதான்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா போதும். தலைநகர் லூப்லியானாவிலிருந்து பிளெட் 55 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிளெட்டில் கூட்டம் நெரியும். சாவிட்சா அருவி பொங்கி விழுவதைப் பார்க்க மே, ஜூன் நல்லது. நீந்த விரும்புகிறவர்கள் பிளெட்டில் நீந்தலாம். போஹின் நீர் நடுக்கோடையிலும் சில்லென்றிருக்கும். நேரம் இருப்பவர்கள் ராடோவ்லிட்சா ஊருக்கும் போய்வரலாம். போஹினிலிருந்து வரும் சாவா ஆற்றின் கிளை, வழியில் பிளெட்டின் போக்குநீரையும் வாங்கிக்கொண்டு, ராடோவ்னாவைச் சேர்த்துக்கொண்டு வரும் இன்னொரு சாவா கிளையுடன் அங்கேதான் கலக்கிறது. கடன் வாங்கிய நீரும் கடன் கொடுத்த ஆறும் ஒன்றாகி டான்யூப் நோக்கிப் போகின்றன.

பிளெட்டிலிருந்து போஹின் பக்கம் ரயிலிலும் போகலாம். 1906-ல் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் திறந்துவைத்த தடம் அது. போஹின்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நிலையத்தைத் தாண்டியதும் ரயில் 6,327 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ரயில்கள் இந்தத் தடத்தில் உண்டு. முதல் உலகப் போரில் படைகளுக்கான உணவும் குண்டும் இந்தச் சுரங்கம் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. மறுபக்கம் மரகத நிறத்தில் ஓடும் சோச்சா ஆற்றின் பள்ளத்தாக்கு. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)