பெரியவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள்



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தவர்கள்தானே. இந்த முறை அவர்களைப் பற்றிப் பேசுவோம்.

மதியம் வயிறாரச் சாப்பிட்ட மாமியார், கை காய்வதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய், "எம் மருமக எனக்குச் சோறே போடல" என்கிறார். சாயங்காலம் வயலிலிருந்து திரும்பும் மகன் அதை யார் வாயிலாகவோ கேட்டுவிட்டு மனைவி மேல் பாய்கிறார். "என்னங்க, நான் போட்டுட்டுத்தாங்க எலையை எடுத்தேன்" என்று அவள் அழுகிறாள். இந்தச் சண்டையை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. சாப்பிட்டது அந்த அம்மாவின் நினைவில் பதியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மறதி நோய் என்று பெயர். டாக்டர்கள் டிமென்ஷியா என்பார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்பதை மறப்பது எல்லோருக்கும் உண்டு. சாவி எதற்கு என்பதே மறந்துபோனால் அது நோய். 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பட்டணத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகம். ஆகவே வெட்கப்படவோ, மந்திரிக்கக் கூட்டிப்போகவோ தேவையில்லை. இது ஒட்டுவாரொட்டி நோயுமல்ல.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை நன்றாயிருந்தவர் இரண்டொரு நாளில் திடீரென்று உளறினால், சிறுநீரில் கிருமித் தொற்றோ வேறு அவசரக் காரணமோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றபடி, மறதி நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. நான் அதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

என் மாமியாருக்கு இந்த நோய் வந்தபோது, அரிசி புடைத்தால் பாதி தரையில் சிந்தும். "நீங்க உக்காருங்கத்தே, நான் பாத்துக்கறேன்" என்று முறத்தை வாங்கி வைத்துவிட்டேன். பிறகு குளிப்பாட்டுவதும் நானே, சோறு ஊட்டுவதும் நானே. "மருமகள் என்றால் இப்படி இருக்கணும்" என்று ஊரார் மெச்சினார்கள், எனக்கும் பெருமைதான். ஆறே மாதத்தில் தட்டில் தானாகக் கை வைப்பதும் அவருக்கு மறந்துபோயிற்று. அதில் நோயால் போனது எவ்வளவு, என்னால் போனது எவ்வளவு என்று இன்றும் கணக்குப் பார்க்கிறேன். ஒரு நாள் மல்லிகை மொட்டும் நாரும் தற்செயலாக அவர் பக்கத்தில் கிடந்தன. என் பெயரையே மறந்துவிட்டவர், குனிந்து பார்க்காமலே ஒரு முழம் கட்டி முடித்திருந்தார்!

அதற்குக் காரணம் இருக்கிறது. இன்று நடந்ததைப் பதித்து வைக்கும் மூளைப் பகுதிதான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. கை பழகிய வேலைகள் மூளையில் வேறு இடங்களில் பதிந்திருக்கின்றன. அவை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் செய்யாமல் விட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும், உடம்பும் தளர்ந்துவிடும்.

எனவே வேலையைப் பிடுங்காதீர்கள். துண்டு துண்டாக்கிக் கொடுங்கள். "போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்குள் பத்து வேலை இருக்கிறது. அவருக்கு எதில் தொடங்குவது என்று தெரியாது. கூடவே போய் உட்காரவையுங்கள். சொம்பைக் கையில் கொடுத்து, "தண்ணி ஊத்திக்கங்கம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். அது முடிந்தபின் சோப்பு. தொடங்கத் தெரியாமல் விழித்தால், உங்கள் கையை அவர் கைமேல் வைத்து இரண்டு தடவை அசைத்துவிட்டு விட்டுவிடுங்கள். மிச்சத்தை அந்தக் கை தானே செய்யும். சேலைக்குக் கொசுவம் நீங்கள் வைத்துக் கொடுங்கள், சொருகுவது அவராக இருக்கட்டும். நேரம் கூடத்தான் ஆகும். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் இதெல்லாம் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வேலையில் ஒன்றையாவது அவர் கைக்கு விடுங்கள்.

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் அவர் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. வாழையிலையில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றாகப் பரிமாறுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் கழிப்பறைக்கு அழைத்துப் போனால், துணி நனைவது பெரும்பாலும் குறையும். இரவில் அங்கே ஒரு விளக்கு எரியட்டும்.

அவர் முன்பு என்ன வேலை செய்தவரோ அதைச் சார்ந்தே இப்போதும் கொடுங்கள். உழவராயிருந்தவரிடம் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போடச் சொல்லலாம், கயிறு திரிக்கச் சொல்லலாம். பெண்களுக்கு முருங்கைக்கீரை ஆய்வது, வேர்க்கடலை உரிப்பது, துணி மடிப்பது. மடித்தது கோணலாக இருந்தால் இருக்கட்டும். அவர் எதிரில் திருப்பி மடிக்காதீர்கள். பொழுது சாயும்போது பலருக்குப் படபடப்பு வரும். "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புவார்கள். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடிப் பயனில்லை. அந்த நேரத்தில் சிறிது தூரம் கூட நடந்துவிட்டு வந்து, கையில் கடலையைக் கொடுங்கள். தெரிந்த பாட்டை நீங்கள் தொடங்கினால் அவர் முடிப்பார். பேரப் பிள்ளைகள் "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பதை மட்டும் நிறுத்துங்கள். "நான் செல்வி வந்திருக்கேன் பாட்டி" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே வரட்டும்.

வேலை கொடுங்கள் என்றால் அடுப்பிலும் கிணற்றடியிலும் தனியே விடலாம் என்று பொருளல்ல. பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டி வையுங்கள். குடிதண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ஆனால் கட்டிலோடு கட்டிப்போடுவது கூடவே கூடாது. தூக்க மாத்திரையை டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிய அது ஒன்றே போதும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அது உங்களைப் பெற்ற அம்மா. காலை நடையும் மாலைக் காவலும் உங்கள் பங்கு. வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் மனைவி தன் தாய்வீடு போய்வரட்டும். ஊரார் வந்து "சோறு போடலையாமே" என்று சொன்னால், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

வீட்டில் ஆளில்லாமல் முதியோர் இல்லத்தில் விடும் நிலை சிலருக்கு வரலாம். குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடும்போது துணிமணி, மாத்திரைச் சீட்டோடு இன்னொரு தாளும் கொடுங்கள். எத்தனை மணிக்கு எழுவார், என்ன வேலை செய்தவர், எந்தச் சாமியைக் கும்பிடுவார், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார் என்றெல்லாம் அதில் எழுதுங்கள். அங்குள்ள ஆயாவுக்கு அது தெரிந்தால்தான் பூவையும் நாரையும் எடுத்துக் கொடுப்பார். பார்க்கப் போகும்போது, "தானா சாப்பிடறாங்களா, நடக்க விடறீங்களா" என்று கேளுங்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தால் விடாமல் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். முதியோருக்கான இலவச உதவித் தொலைபேசி எண் 14567. பெரியவரின் சுருக்குப் பையில் ஊர்ப் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றை இன்றே போட்டு வையுங்கள். பையை எடுத்துவிடுவார் என்றால், ரவிக்கையின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள்.