கால் வலிக்குத் தீர்வு தேடினோம்: நம் பிக்கப்பில் நாமே பொருத்திய க்ரூஸ் கன்ட்ரோல்



நம் கூட்டமைப்பு பிக்கப் வண்டி முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போய் வருவது எல்லோருக்கும் தெரியும். ஓட்டுவதும் நம் உறுப்பினர்கள் இரண்டு பேர்தான். அதில் மூத்தவருக்குப் போன வருடம் வலது முழங்காலில் வலி வந்துவிட்டது. "பிரேக் போடறது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆக்சிலேட்டரை ஒரே மாதிரி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கறதுதான் உசுரு போகுது"ன்னு மாதக் கூட்டத்தில் சொன்னார். திருச்சி தாண்டினால் சென்னை வரை முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். வலிக்கத்தானே செய்யும்.

அப்போது ஒரு தெரிந்த டிரைவர் யோசனை சொன்னார்: ஆக்சிலேட்டர் பெடலில் கம்பி கட்டி, சீட்டுக்குப் பக்கத்தில் இழுத்து மாட்டிக்கொண்டால் கால் வைக்கவே வேண்டாமாம். சில பேர் செங்கல்லைக்கூட வைத்து ஓட்டுகிறார்களாம். நாமும் ஒரு நாள் கம்பி கட்டிப் பார்த்தோம், மறைக்கவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. பிரேக் ஒரு பக்கம் பிடிக்க, இன்ஜின் மறுபக்கம் முன்னே தள்ளுகிறது. கம்பியைக் கையால் பிடுங்கி எறிந்த பிறகுதான் வண்டி நின்றது. மாட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்தக் கம்பியை அன்றைக்கே வெட்டி எறிந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் முறையான கருவி ஒன்று இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அதன் பெயர் க்ரூஸ் கன்ட்ரோல். நாம் வைத்த வேகத்தை அது தானாகப் பிடித்துக்கொண்டு போகும். மேடு வந்தால் கொஞ்சம் டீசல் கூட்டும், இறக்கம் வந்தால் குறைக்கும். பிரேக்கைத் தொட்டால் அந்த நொடியே விட்டுவிடும். கம்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இந்தக் கடைசி வேலைதான்.

கிணற்றடி ஆயில் இன்ஜின் ஓட்டியவர்களுக்கு இது புரியும். தண்ணீர் பாரம் கூடும்போது இன்ஜின் சுதி இறங்காமல் பார்த்துக்கொள்ள அதில் கவர்னர் என்று ஒன்று இருக்கும். சுற்று குறைந்தால் டீசலைத் திறக்கும், கூடினால் மூடும். க்ரூஸ் கன்ட்ரோலும் அந்த வேலையைத்தான் செய்கிறது, ஆனால் இன்ஜின் சுற்றைப் பார்க்காமல் சக்கரத்தின் ஓட்டத்தைப் பார்த்துச் செய்கிறது. டிராக்டரில் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை ஆக்சிலேட்டரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வயலில் நின்று கதிரடிக்கிற வேலைக்கானது. பிரேக் மிதித்தாலும் அது விடாது.

இதைக் கண்டுபிடித்தவர் கதையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் ரால்ஃப் டீட்டர் என்ற இன்ஜினியர். ஐந்து வயதில் விபத்தில் பார்வையை இழந்தவர். ஒரு தடவை அவருடைய வக்கீல் காரில் போயிருக்கிறார். வக்கீல் பேசும்போது காரை மெதுவாக விடுவாராம், கேட்கும்போது வேகமாக விடுவாராம். முன்னும் பின்னும் ஆடி ஆடிச் சலித்துப்போன டீட்டர், வேகத்தை நிலையாகப் பிடிக்க ஒரு கருவி வேண்டும் என்று உட்கார்ந்தார். 1950ல் காப்புரிமை கிடைத்தது. 1958ல் கிறைஸ்லர் கம்பெனி கார்களில் வந்தது. பார்வையில்லாத ஒருவர், கை தடவலிலேயே இயந்திரத்தைப் படித்துச் செய்த வேலை.

சரி, நம் வண்டிக்கு வருவோம். நம்முடையது பழைய டீசல் பிக்கப். ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் போய் டீசல் பம்பின் லிவரை இழுக்கும். இப்படிப்பட்ட வண்டிக்குத் தனியாக ஒரு சின்ன மோட்டார் பெட்டி வாங்கி, அதிலிருந்து இன்னொரு கேபிளை அதே லிவருக்குக் கொண்டுபோக வேண்டும். புது வண்டிகளில் கேபிளே கிடையாது. பெடலிலிருந்து ஒயர்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்கு பெடல் பிளக்கில் இடையே சொருகும் வேறு வகைக் கருவி. வாரண்டி இருக்கிற வண்டியில் இதில் எதையும் தொடாதீர்கள், கம்பெனி கையை விரித்துவிடும்.

வாக்குவத்தில் இயங்கும் பெட்டியும் கடையில் காட்டினார்கள், விலையும் குறைவு. வேண்டாம் என்றோம். பெட்ரோல் இன்ஜினில் காற்று உறிஞ்சும் இடத்திலேயே வாக்குவம் கிடைக்கும், டீசலில் அப்படி இல்லை. பிரேக்குக்காகத் தனியாக ஒரு வாக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். அந்தக் குழாயில் ஓட்டை போட்டு இதற்கு எடுத்தால், நாளைக்கு லீக் ஆகும்போது பிரேக் கல்லு மாதிரி இறுகிவிடும். கால் வலிக்கு மருந்து தேடி உயிரையா கொடுப்பது?

வாங்குவதற்கு முன் ஒன்று செய்தோம். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்கிறது. அதனால் என்ன கருவி, எங்கே மாட்டப் போகிறோம் என்று எழுதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தோடு வைத்தோம். இரண்டு வாரம் ஆனது. "இதுக்கெல்லாமா எழுதிக் கேப்பாங்க"ன்னு சிலர் சிரித்தார்கள். வண்டிக்கு வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறது. ஒரு விபத்தில் இன்சூரன்ஸ் பணம் வராவிட்டால், கடனைக் கட்டப் போவது சிரித்தவர்கள் அல்ல, நம் சேமிப்புதான்.

பொருத்தும் வேலையை நம் ஓட்டுநர்கள் இருவரும் செய்தார்கள். மெக்கானிக் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தாகிவிட்டது. மோட்டார் பெட்டியை சைலன்சர் சூடு படாத, தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டினோம். அதன் கேபிளை லிவரில் கோர்க்கும்போது அவசரப்படவே கூடாது. கேபிள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பெடலை விட்ட பிறகும் லிவர் முழுசாகத் திரும்பாது, இன்ஜின் சுதி இறங்காது. ஒருவர் பெடலை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் பானெட்டைத் திறந்து வைத்து லிவர் பழைய இடத்துக்கு டக்கென்று வருகிறதா என்று இருபது முப்பது தடவை பார்த்தார்கள். எங்கேயும் உரசக்கூடாது, மாட்டக்கூடாது.

வேகத்தை அறிய, கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாப்டில் எதிரெதிராக இரண்டு காந்தம் கட்டி, பக்கத்தில் ஒரு சென்சார் வைத்தோம். காந்தம் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கருவிக்குக் கணக்குப் போகும். சென்சாரை கியர் பாக்ஸ் பக்கமாக வைப்பதுதான் நல்லது. பின் பக்கம் வைத்தால் பள்ளத்தில் பட்டை குதிக்கும்போது ஷாப்டும் குதித்து சென்சாரை உடைத்துவிடும்.

பிறகு பிரேக் ஒயர். இதில்தான் ஒரு முழு நாள் போனது. பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயரில் கருவியின் ஒரு ஒயரைச் சேர்க்க வேண்டும். பிரேக் மிதித்து கரண்ட் வந்தால் கருவி விட்டுவிடும். மிதிக்காதபோது அதே ஒயர் பல்பின் இழை வழியாக எர்த்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எர்த் கிடைக்காவிட்டால், அதாவது இரண்டு பல்பும் போயிருந்தால், கருவி வேலைக்கே வராது. நல்ல ஏற்பாடுதானே! ஆனால் எல்லாம் சரியாக மாட்டியும் நம் வண்டியில் கருவி அசையவே இல்லை. "பொட்டி டூப்ளிகேட்டுக்கா"ன்னு மெக்கானிக் தம்பி முடிவே கட்டிவிட்டார். கடைசியில் பார்த்தால், ஆயுத பூஜைக்கு அழகாக இருக்கட்டும் என்று பின்னால் எல்.இ.டி. விளக்கு மாற்றியிருந்தோம். எல்.இ.டி.யில் இழை கிடையாது, எர்த் வழி இல்லை. பழைய பல்பையே திரும்பப் போட்டதும் கருவி உயிர் பெற்றது.

இன்னொரு தப்பு நாமே செய்தது. கிளட்ச் பெடலுக்கு ஒரு சுவிட்ச் பெட்டியில் இருந்தது. "பிரேக்குக்குத்தான் போட்டாச்சே, இது எதுக்கு" என்று விட்டுவிட்டோம். பெரம்பலூர் தாண்டி ஓட்டிப் பார்த்தபோது, கருவி பிடித்திருக்கும் நேரத்தில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தார். பாரம் விட்டுப்போனதும் இன்ஜின் கத்தியது பாருங்கள்! வண்டி வேகம் குறைகிறதே என்று கருவி இன்னும் டீசலைத் திறக்கிறது. சுவிட்சை அணைத்ததும் அடங்கியது. மறுநாளே கிளட்ச் சுவிட்சைப் போட்டோம். கியர் வண்டிக்கு அது இல்லாமல் பொருத்தவே கூடாது.

ஓட்டிப் பார்ப்பதற்கு விடியற்காலை, வண்டி காலி, நேரான சாலை. நம் கருவி நாற்பதுக்குக் கீழே பிடிக்காது. ஐம்பதில் செட் பண்ணி, பிரேக்கை லேசாகத் தொட்டு, கிளட்சைத் தொட்டு, சுவிட்சை அணைத்து, மூன்று வழியிலும் விடுகிறதா என்று பல தடவை பார்த்தோம். இப்போதும் ஒவ்வொரு நடைக்கும் முன்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

எப்போதாவது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் இருவருக்கும் பழக்கினோம். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக்கூடாது. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து முழுசாக மிதித்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஓரம் கட்டிய பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். ஓடும்போதே சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

எங்கே பயன்படுத்துவது? கரூரிலிருந்து குளித்தலை வழியாக திருச்சி வரை வேண்டவே வேண்டாம். ஊரும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக இருக்கும் சாலை. திருச்சிக்கு அப்பால் நால்வழிச் சாலையில், கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும். அதுவும் அறுபத்தைந்தைத் தாண்டக்கூடாது என்பது நம் தீர்மானம். 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அது வேறு, இது வேறு. அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மழையில் அணைத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் சக்கரம் வழுக்கினால் அது கருவிக்குப் புரியாது. மலைப்பாதையிலும் கூடாது. இறக்கத்தில் இது டீசலைத்தான் குறைக்கும், பிரேக் போடாது. முன்னால் லாரி நின்றாலும் இதற்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட தூக்கம். கால் சும்மா இருந்தால் கண் சொக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டுபவர் மாற வேண்டும், ஓட்டாதவர் பக்கத்தில் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும்.

கருவிக்கு ஆன செலவு இரண்டு நடை வாடகைப் பணம். டீசல் கொஞ்சம் மிச்சமாவது போல இருக்கிறது. ஆறு மாதக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். முழங்கால் வலி முழுசாகப் போகவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியையும் அக்கா செய்துகொண்டிருக்கிறார். ஆனால் விழுப்புரத்தில் டீ குடிக்க இறங்கும்போது முன்னைப்போல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பிற பஞ்சாயத்துக் கூட்டமைப்புகளில் வண்டி வைத்திருப்பவர்கள் பார்க்க விரும்பினால், நடை இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் வண்டி நம் அலுவலகத்தில்தான் நிற்கும்.