எம்சிபி இருக்கே, அப்புறம் ஷாக் அடிச்சா என்ன?

இந்த வாரக் கேள்வி: "வீட்டுல எல்லா லைனுக்கும் எம்சிபி போட்டிருக்கு. ஷாக் அடிச்சா அது ட்ரிப் ஆகி நம்மைக் காப்பாத்திடும்தானே?"

காப்பாத்தாதுங்க. கணக்குப் போட்டே பார்த்துடலாம். வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். ஈரக் கையோட இருக்கும்போது உடம்போட மின்தடை 1,000 ஓம்னு வச்சுக்குவோம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தா 0.23 ஆம்பியர். சில நொடி நீடிச்சா இதயத் துடிப்பைக் குலைக்க இது தாராளம். ஆனா கீசர் லைன்ல இருக்கிறது 16 ஆம்பியர் எம்சிபி. அதைப் பொறுத்தவரை ஏதோ ஒரு சீலிங் ஃபேன் ஓடுது, அவ்வளவுதான். வயர் சூடாகித் தீப்பிடிக்காம பார்த்துக்கிறதுதான் அதோட வேலை.

நமக்கான காவல் ஆர்சிசிபி. ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கரண்ட் நம்ம உடம்பு வழியா தரைக்குப் போனா, திரும்பி வர்றது குறையும். வீட்டுக்குப் போடுற வகையில அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினா, 0.3 நொடிக்குள்ள சப்ளையைத் துண்டிச்சிடும்.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு தொட்டுட்டு, தரைக்குக் கரண்ட் கசியலைன்னா, போனது அப்படியே திரும்பிடும். ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு பல்புதான்.

லேப்டாப்ல சேவ் பண்ணிட்டு, டிபி பாக்ஸைத் திறந்து பாருங்க. டெஸ்ட் பட்டனை அமுக்கினா கரண்ட் போகணும். போகலைன்னாலோ, பட்டனே இல்லைன்னாலோ, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.