ஏற்காட்டு ஓடைப் பூச்சிக்குப் பெயர் வைப்பது

மேஃப்ளைன்னா ஈசல் இல்லீங்க, அது வேற. றெக்கை முளைச்சதும் இது சாப்பிடுறதே இல்ல. சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் ஆயுசு. அதனால் சேர்வராயன் மலை ஓடையில் கல்லைப் புரட்டினால் சிக்குவது இளநிலைப் பூச்சிதான். அதை வைத்தே புதிய சிற்றினம் அறிவிக்கலாம். பெயரிடல் விதி தடுக்கவில்லை. வாயுறுப்புகளைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, வயிற்றோரச் செவுள், நகத்தின் பற்கள் என ஒவ்வொன்றையும் தெரிந்த சிற்றினங்களோடு ஒப்பிட வேண்டும். 1984இல் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் விவரித்த பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ், குற்றாலத்தின் பெயரையே சுமக்கிறது.

சிக்கல் எங்கே? றெக்கைப் பூச்சியை மட்டும் பார்த்து யாராவது முன்பே பெயர் வைத்திருந்தால், ஒரே உயிருக்கு இரண்டு பெயர். முந்தையதுதான் நிற்கும். றெக்கை மொட்டு கறுத்த பூச்சியை ஓடைத் தண்ணீரிலேயே வளர்த்து, உதிர்த்த தோலையும் வெளிவந்ததையும் ஒரே குப்பியில் வைப்பதுதான் பழைய, நம்பகமான வழி. டி.என்.ஏ. ஒப்பீடும் உண்டு, ஆனா அதுக்கும் றெக்கைப் பூச்சி ஒண்ணு கையில வேணுமே!