மஞ்சள் மழையும் ஒரு தலைநகரும்

ஸ்பானிய எழுத்தாளர் ஹூலியோ யமசாரெஸ் 1988இல் எழுதிய நாவல் ‘மஞ்சள் மழை’. அதில் ஒரு கிழவர் பேசிக்கொண்டேயிருக்கிறார். அருகில் இருப்பது ஒரு நாய் மட்டுமே. பிரனீஸ் மலையிலுள்ள ஐனியெல்யே என்ற ஊரின் கடைசி மனிதர் அவர். ஊரைவிட்டுப் போன மகனை அவர் மன்னிக்கவேயில்லை. ஐனியெல்யே கற்பனையூர் அன்று. அரகோன் மாநிலத்தில் ஆளின்றிக் கிடக்கும் ஊர்.

முல்லையும் குறிஞ்சியும் கடும் வெயிலில் பாலையாகத் திரிவதை வகுப்பில் விளக்குபவன் நான். இந்தப் பாலைக்கோ வெயில் காரணமில்லை. உழவு இயந்திரம் வந்ததும் கூலியாட்களுக்கு வேலை குறைந்தது. ஆட்டு மந்தையால் பிழைப்பு நடக்கவில்லை. சில ஊர்களை அணைக்கட்டுகள் விழுங்கின. ஹானோவாஸ் என்ற ஊரில் அணை கட்டவென்று 1960களில் குடிகளை எழுப்பினார்கள். ஊர் வெறுமையானது, அணை வரவேயில்லை!

போனவர்களுட் பலர் பார்சலோனாவுக்குப் போனார்கள். மற்றும் பலர் சரகோசாவுக்கு. 1900இல் சுமார் 100,000 பேர் வாழ்ந்த இந்த எப்ரோ ஆற்றங்கரை நகரில் இன்று 650,000க்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். மாநிலத்தின் சனத்தொகையிற் பாதி இது. மட்ரிட், பார்சலோனா இரண்டிலிருந்தும் சுமார் 300 கிலோமீற்றர் தூரம் என்பதால் தொழில்கள் இங்கே குவிந்தன. 1964இல் அரசு இதை வளர்ச்சி மையமாக்கியது. 1982இல் அருகிலுள்ள ஃபிகெருவேலஸில் ஒப்பல் மோட்டார்த் தொழிற்சாலை தொடங்கியது. அதே ஆண்டில் அரகோனுக்குச் சுயாட்சியும் கிடைத்தது. மாநிலச் சட்டசபை பின்னர் பழைய அல்ஹஃபேரியா மாளிகையில் அமர்ந்தது. மட்ரிட்டின் ஆதிக்கத்தைக் குறைக்க வந்த சுயாட்சி, அரகோனுக்குள்ளே இன்னொரு மட்ரிட்டை வளர்த்துவிட்டது என்பேன்.

ஆயினும் நகரத்தை மட்டும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. சரகோசா இல்லையெனில் இந்த மக்கள் மாநிலத்தையே விட்டுப் போயிருப்பர். மகனை மன்னியாத அந்தக் கிழவர் இதை ஏற்கமாட்டார். அவருடைய கோபத்திலும் நியாயமுண்டு.

தெற்கேயுள்ள தெருவேல் மாகாணத்தில் 1900இல் சுமார் 250,000 பேர் இருந்தனர். இன்று 140,000 பேர்கூட இல்லை. 1999இல் அங்கே தோன்றிய மக்கள் இயக்கத்தின் பெயர் ‘தெருவேல் இருக்கிறது’. 2019இல் அவர்களுள் ஒருவர் ஸ்பானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.