செல்ஃப் எடுக்காத பழைய பிக்கப்... கிளட்ச் சுவிட்ச்சை `டைரக்ட்' பண்ணாதீங்க!

விடியக்காலையில் லோடு ஏத்தி முடிச்சாச்சு. கிளட்ச்சை மிதிச்சு சாவியைத் திருப்புறீங்க. ஹெட்லைட் பளிச்சுனு எரியுது, ஹாரனும் அடிக்குது. ஆனா, செல்ஃப் மட்டும் எடுக்கலை. பேட்டரி, செல்ஃப் மோட்டார் என்று செலவு செய்வதற்கு முன்னால், கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கும் குட்டி சுவிட்ச்சை ஒருமுறை பாருங்கள்.

என்ன வேலை செய்கிறது?

கிளட்ச்சை முழுசா மிதித்தால்தான் இந்த சுவிட்ச் வழியாக செல்ஃப் ரிலேவுக்கு கரன்ட் போகும். வண்டி கியரில் இருக்கும்போது கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டாரின் விசையே வண்டியை நகர்த்திவிடும். அதைத் தடுப்பதுதான் இதன் ஒரே வேலை. ரொம்பப் பழைய மாடல்கள் பலவற்றில் இது இருக்காது. கிளட்ச்சை மிதித்தால் மட்டுமே உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்றால், இருக்கிறது என்று அர்த்தம்.

விராலிமலையில் 2019 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டில் 1,300-க்கும் அதிகமான காளைகள் அவிழ்க்கப்பட்டன. இப்படி வாடிவாசலுக்கு வரும் காளைகள் பலவும் பிக்கப்பில்தான் வருகின்றன. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காத பழைய வண்டியை கியரில் போட்டு நிறுத்துவது நம்ம ஊர்ப் பழக்கம். ரிவர்ஸ் கியரில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் ஆட்கள் காளையை இறக்கிக்கொண்டிருக்கும்போது, கேபினில் இருக்கும் பையன் பாட்டு கேட்கச் சாவியைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால்? யோசித்துப் பாருங்கள்.

கோளாறு இதுதானா?

* பெடலைச் சில முறை அழுத்தமாக மிதித்த பிறகு ஸ்டார்ட் ஆனால், சுவிட்ச் மேல் சந்தேகப்படலாம்.
* சுவிட்ச்சின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். முனையை அமுக்கினாலும் விட்டாலும் ஒரே மாதிரி காட்டினால் சுவிட்ச் போச்சு.
* சில வண்டிகளில் சுவிட்ச் நன்றாகவே இருக்கும். அதை அமுக்கும் பிளாஸ்டிக் பட்டன்தான் பொடிந்து தரையில் கிடக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றுவது எப்படி?

1. சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.
2. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.
3. கப்ளரை எடுத்துவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி சுவிட்ச்சை எடுங்கள். சிலவற்றில் லேசாகத் திருகினாலே வந்துவிடும்.
4. பெடலில் இரண்டு சுவிட்ச் இருந்தால், எது ஸ்டார்ட்டுக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சுவிட்ச்சைக் கையோடு கொண்டுபோய், அதே மாதிரி வாங்குங்கள்.
5. புதியதைப் பொருத்தி, பெடலை முழுசா மிதிக்கும்போது மட்டும் கரன்ட் போகும்படி நட்டைச் சரிசெய்து டைட் பண்ணுங்கள்.

பேட்டரி வயரை மாட்டிவிட்டு, நியூட்ரலிலேயே முதலில் கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் எடுக்கக் கூடாது. மிதித்தால் எடுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் வேலை முடிந்தது.

`டைரக்ட்' வேண்டாம்!

`ரெண்டு வயரையும் முறுக்கிவிட்டா போதும்ணே' என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும்தான். ஆனால், பாதுகாப்பு போய்விடும். நடுரோட்டில் வேறு வழியில்லாமல் அப்படிச் செய்திருந்தாலும், ஊர் வந்ததும் புது சுவிட்ச் போட்டுவிடுங்கள். அதுவரை சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்குகிறவர்களும் இந்த வயரை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.